ஸ்னோபால் கடைக்கு ஒரு பெட்டி வெண்டைக்காய்

"வெண்டைக்காயா?"

குவாங் கேட்ட வேகத்தில் வாயிலிருந்த ஐஸ் மொத்தமாகத் தொண்டைக்குள் இறங்கி, குளிர் மண்டை வரைக்கும் ஏறியது. இடது கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். வலது கையிலிருந்த ஸ்னோபால் கோப்பையை மட்டும் விடவில்லை.

"வெண்டைக்காய்தான் கண்ணு," என்றார் கடை ஜன்னலுக்குள் நின்ற எர்லின். "சந்தை விலையை விடக் குறைச்சுத் தர்றேன்னு வந்து நிக்கிறான். நான் விக்கிறது துருவின ஐஸும் கலர் பாகும். வெண்டைக்காயை வாங்கி என்ன பண்ண? ஐஸுக்கு வால் ஒட்டவா?"

குவாங் சிரித்தான். வெர்டெல் பிக்கூ சிரிக்கவில்லை. அவர் சிரிக்க மறந்த இடத்தில்தான் வழக்கு ஒளிந்திருக்கும் என்பது குவாங்கின் அனுபவம். புயலுக்குப் புயல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கூரை மேல் ஏறி, எந்த ஓடு காற்றில் உடைந்தது, எந்த ஓடு சுத்தியலில் உடைந்தது என்று பார்த்துச் சொன்னவர் அவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். குவாங் அவருக்கு உதவியாளன், காரோட்டி, சமயத்தில் தலைவலி. அதற்கு முன்பு டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தான். அண்டை வீட்டார் கேட்டுக்கொண்டதால் நிறுத்திவிட்டான்.

"யாரு மிஸ் எர்லின் அது?" என்று கேட்டார் வெர்டெல்.

"பெல்ஃபோர் பிரதர்ஸ் ஆளு. மஞ்சச் சட்டை, கையில டேப்லெட். 'உங்களுக்கு வெண்டைக்காய் தேவைப்படுதுன்னு எங்களுக்குத் தெரியும் மேடம்'ங்கிறான். எனக்கே தெரியாதது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு!"

"நீங்க வழக்கமா யார்கிட்ட வாங்குவீங்க?"

"மார்சோ கிடங்குலதான். சர்க்கரை, கன்டென்ஸ்டு மில்க், கோப்பை. நம்ம ஆல்சீட் கொண்டாந்து இறக்குவாரு. இறக்கிட்டு ஒரு புளூபெர்ரி ஸ்னோபால் ஓசியில சாப்பிட்டுட்டுத்தான் போவாரு."

வெர்டெல் குவாங்கைப் பார்த்தார். குவாங் கோப்பையின் அடியிலிருந்த நீலப் பாகை உறிஞ்சிக்கொண்டே காரை நோக்கி நடந்தான்.

வழக்கு இதுதான். நியூ ஆர்லியன்ஸ் ஆற்றங்கரையில் இருந்த மார்சோ கிடங்கு, ஊர் உணவகங்களுக்கு வெங்காயத்திலிருந்து வெண்ணெய் வரை சப்ளை செய்யும் சின்ன மொத்த வியாபாரம். மூன்று லாரி, மூன்று டிரைவர். அப்பா போன பிறகு ரெனே மார்சோ முதலாளி ஆனாள். ஆனதும் செய்த முதல் வேலை, செயற்கை நுண்ணறிவு ஒன்றை மாத வாடகைக்கு அமர்த்தியது. எந்தக் கடையில் எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். எல்லார் வீட்டுச் சமையலறையிலும் மூக்கை நுழைக்கிறது என்பதால் கிடங்கில் அதற்குக் கிடைத்த பெயர் 'க்ளோட்டில்ட் அத்தை'. ரெனேக்கு நிஜமாகவே அப்படி ஓர் அத்தை இருந்தாளாம்.

அத்தை வந்த வேளை, புது வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். ரெனே பூரித்துப்போனாள். கொஞ்ச நாளில் பழையவர்கள் கழன்றுகொள்ளத் தொடங்கினார்கள். சமையற்காரர் ஒருவர் நாளைக்கு வெண்ணெய் சொல்ல வேண்டும் என்று நினைப்பார். இன்றைக்கே போட்டிக் கம்பெனியான பெல்ஃபோர் பிரதர்ஸின் ஆள் வெண்ணெயோடு பின்வாசலில் நிற்பான், அதுவும் சற்று மலிவாக. உள்ளேயிருந்து யாரோ உளவு சொல்கிறார்கள் என்பது நிச்சயமாயிற்று.

சந்தேகம் விழுந்தது டிரைவர் ஆல்சீட் மேல். மற்ற இரண்டு லாரிகளின் கடைகள் உதிர்ந்துகொண்டிருக்க, அவருடைய கடைகளில் ஒன்றுகூட உதிரவில்லை. போதாததற்குப் பெல்ஃபோர் டிரைவர் காஸ்பரோடு அடிக்கடி காபி குடிக்கிறார். தன் கடைகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றதை விற்கிறார் என்பது ரெனே போட்ட கணக்கு. அந்தக் கணக்கு அவளுக்கே பிடிக்கவில்லை. ஆல்சீட் அவளுடைய ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டி அருகே அவளைக் கையில் ஏந்தி நின்றவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வேறு ஆள் சிக்காவிட்டால் அவரிடமிருந்து லாரிச் சாவியை வாங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

இன்று வியாழன்.

"அடுத்தது எங்க?" என்று காரைக் கிளப்பினான் குவாங்.

"ஆல்சீட்டோட மத்த கடைகளுக்கு. மஞ்சச் சட்டை எங்கெங்கே போனான், என்ன விக்கப் பார்த்தான்னு தெரியணும்."

தெரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. டோனட் கடைக்கு வெண்டைக்காய். பீர் மட்டுமே விற்கும் மதுக்கடைக்கு வெண்டைக்காய். கன்னியர் மடத்தில், கதவைத் திறந்த சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டே சொன்னார்: "ரெண்டு தடவை வந்துட்டாரும்மா. வேண்டாம்னு சொன்னா, 'யோசிச்சுப் பாருங்க, உங்களுக்கு உள்ளூர ஆசை இருக்கு'ங்கிறாரு. இந்த வயசுல எனக்கு உள்ளூர இருக்கிற ஆசையெல்லாம் முட்டிவலி போகணும்கிறதுதான்."

காருக்குத் திரும்பியதும் குவாங் தன் கண்டுபிடிப்பை அறிவித்தான்.

"மிஸ் வெர்டெல், கேஸ் முடிஞ்சுது. பெல்ஃபோர் கிடங்குல வெண்டைக்காய் குவிஞ்சு கிடக்கு. அழுகறதுக்குள்ள தள்ளிவிடப் பாக்கிறான்."

"இது ஏப்ரல். நம்மூரு வெண்டைக்காய் இன்னும் பூக்கவே இல்ல. வெளியூர்லருந்து வர்றது தங்க விலை. இந்த மாசத்துல எவன் குவிப்பான்?"

"அப்ப பெல்ஃபோருக்குப் பைத்தியம்."

"பைத்தியம் டோனட் கடைக்கு ஒண்ணு, பாருக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி விக்கும். இவன் எல்லாத்துக்கும் ஒரே காயை விக்கிறான். அதுவும் தெரிஞ்ச மாதிரி பேசறான். யாரோ அவன்கிட்ட சொல்லியிருக்காங்க. சொன்னவங்களுக்கு எர்லின் என்ன வியாபாரம் பண்றாங்கன்னே தெரியல."

குவாங் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்தவன் ஹாரனைத் தாளத்தோடு அடித்தான்.

"ஆனா ஆல்சீட்டுக்குத் தெரியும்! ஓசியில புளூபெர்ரி சாப்பிடுறாரே!"

"அதேதான். உளவு சொல்றது அவரா இருந்தா, மஞ்சச் சட்டை சர்க்கரையோட வந்திருப்பான்."

மார்சோ கிடங்கில் ஆல்சீட் தன் லாரியின் கண்ணாடியில் மீசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். மீசை மட்டும் இன்னும் நாற்பதிலேயே நின்றிருந்தது. கறுப்பு மை அப்படி. சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"வாங்க மிஸ் வெர்டெல்! என்னைக் கைது பண்ண வந்தீங்களா? வெலங்கு வெள்ளியில இருந்தாத்தான் போட்டுக்குவேன், சொல்லிட்டேன்."

"உங்க டேப்லெட்டைக் காட்டுங்க, போதும்."

ரெனே அலுவலக அறையிலிருந்து இறங்கி வந்தாள். முந்தைய இரவு தூங்காதவளின் முகம். ஞானத்தகப்பனைப் பார்க்காமல் அவருக்குப் பக்கத்திலிருந்த உருளைக்கிழங்கு மூட்டையைப் பார்த்துப் பேசினாள்.

"ஒவ்வொரு கடையில சரக்கு இறக்கினதும் அத்தை ஒரு கேள்வி கேப்பா, மிஸ் வெர்டெல். 'இந்தக் கடைக்கு அடுத்தது என்ன தேவைப்படும்?' கீழே படங்கள் வரும். டிரைவர் ஒண்ணைத் தொடணும். அதை வச்சுத்தான் அவ கத்துக்கிறா."

"தொடுறீங்களா மிஸ்டர் ஆல்சீட்?"

"தொடாம? ஒரு நாள் தவறினதில்ல."

"இப்பத்தான் எர்லின் கடையில இறக்கிட்டு வந்ததா வச்சுக்குங்க. தொடுங்க பாப்போம்."

ஆல்சீட் டேப்லெட்டைக் கை நீளும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்தார். பிறகு அதைப் பார்க்காமலே, விரலால் இடது பக்க மேல் மூலையைத் தட்டினார். ஏதோ ஈயை விரட்டுவதுபோல் இருந்தது.

"கன்னியர் மடம்?" என்றார் வெர்டெல்.

அதே மூலையில் அதே தட்டு.

ரெனே எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. "அது வெண்டைக்காய்!"

"எது?"

"நீங்க தட்டினது! அப்பாவோட பழைய பெட்டியில இருந்த வெண்டைக்காய் படம். நம்ம கம்பெனி அடையாளமாச்சேன்னு நான்தான் அதை முதல்ல வைக்கச் சொன்னேன்."

"வெண்டைக்காயா அது?" ஆல்சீட் உண்மையிலேயே திகைத்தார். "பச்சையா இருந்துதா, 'சரி'ங்கிற பட்டன்னு நினைச்சேன்."

"கண்ணாடி போட்டுப் பாக்கக் கூடாதா?"

"கண்ணாடியா? எனக்கா?" அவர் மீசையைத் தொட்டுக்கொண்டார். "எட்டாவது கடையில ஒரு விதவை இருக்காங்க. 'உங்களுக்குக் கழுகுக் கண்ணு மிஸ்டர் ஆல்சீட்'னு போன வாரம்தான் சொன்னாங்க. அந்தப் பேரை நான் கெடுத்துக்கவா?"

குவாங்குக்குச் சிரிப்பு முட்டியது. வெர்டெல் அவன் காலை மிதித்தார்.

"அப்ப கடைக்காரங்க ஆர்டர்?"

"வாயால சொல்வாங்க. நான் வந்து ரெனேகிட்ட வாயால சொல்வேன். என் கடைக்கு என்ன வேணும்னு மெஷின் எனக்குச் சொல்லித் தரணுமா என்ன?"

வெர்டெல் ரெனே பக்கம் திரும்பினார். "ஆக, மத்த ரெண்டு லாரிக் கடைகளைப் பத்தி அத்தைக்கு எல்லாம் தெரியும். அவங்களைப் பெல்ஃபோர் கொத்திக்கிட்டுப் போயிட்டான். இவரோட கடைகளைப் பத்தி அத்தைக்குத் தெரிஞ்சது வெண்டைக்காய் மட்டும். பெல்ஃபோருக்குத் தெரிஞ்சதும் வெண்டைக்காய் மட்டும். உளவு இவர் வாயிலருந்து போகல. அத்தை வயித்துலருந்து போகுது."

ரெனே ஒரு நிமிடம் மூச்சு விடுவதுபோல் தெரிந்தது. உடனே முகம் மறுபடி இறுகியது.

"அத்தைக்குத் தெரிஞ்சது மொத்தமும் என் ரூம் கம்ப்யூட்டர்லதான் பாக்க முடியும். அந்த ரூமுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட." அவள் குரல் தேய்ந்தது. "இன்னொண்ணு, அப்பா காலத்துலருந்து, இவர்கிட்ட."

முதன்முறையாக ஆல்சீட் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"எனக்கு டேப்லெட்டே தெரியலைங்கிற. கம்ப்யூட்டர் தெரியுமா எனக்கு?"

"காஸ்பருக்குத் தெரியலாமே. நீங்க சாவியைக் குடுத்தாப் போதாதா?"

"காபி குடிச்சது குத்தமா?"

"இல்லன்னு யாராவது எனக்குக் காட்டுங்களேன்!" ரெனே கத்திவிட்டாள். லாரியில் சரக்கேற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு மட்டும் இது ஆசையா? கடை ஒவ்வொண்ணாப் போகுது. அடுத்தது சம்பளம் போகும். அப்புறம் இந்தக் கிடங்கே போகும்."

"காட்டறேன்," என்றார் வெர்டெல் அமைதியாக. "நாளைக்குக் காலையில. அதுவரைக்கும் இவர் என் கண்ணு முன்னாடி இருப்பார். இவர் போன் குவாங் பாக்கெட்ல இருக்கும். உன் ரூம் ரெண்டு சாவியும் என் கைப்பைக்குள்ள."

"நைட்டு?"

"என் வீட்டு சோபாவுல."

"விதவைகள் யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார் ஆல்சீட். பழைய ஆல்சீட் கொஞ்சம் திரும்பியிருந்தார்.

பொறி வைப்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. எந்த மனிதனும் சாப்பாட்டுச் சரக்கு கொண்டுபோக மாட்டான் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இடம்.

"ரதக் கொட்டகை," என்றான் குவாங். "கார்னிவல் ரதமெல்லாம் நிறுத்தி வச்சு பெயின்ட் அடிக்கிற இடம். என் மச்சான்தான் அங்க காவல். உள்ள இருக்கிற வாயெல்லாம் காகிதக் கூழுல செஞ்சது. ஒண்ணும் சாப்பிடாது."

வெர்டெல் ரெனேயின் அறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தையிடம் புது வாடிக்கையாளரைப் பதிவு செய்தார்: ரதக் கொட்டகை, நாளைக் காலை, நூறு பெட்டி பீட்ரூட். வெளியே வந்து கதவைப் பூட்டினார். என்ன பதிந்தார் என்பதைக் குவாங்கிடம் மட்டும் காதோடு சொன்னார். ரெனேக்குக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கொட்டகைக்குள் அவர்கள் ஒளிந்து நின்றார்கள். ஒளிந்து நிற்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வீட்டுயரப் பெலிக்கன் ஒன்றின் அலகுக்குப் பின்னால் ரெனே. கிரீடம் வைத்த முதலையின் வாலடியில் வெர்டெலும் குவாங்கும். முதலையின் திறந்த வாய்க்குள் ஆல்சீட் உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போயிருந்தார். சோபா முதுகுக்கு ஒத்துவரவில்லையாம்.

"யாரும் வரலன்னா?" ரெனே பெலிக்கனுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

"வரலன்னா நீ சொன்னதுதான். மத்தியானம் சாவி."

ரெனே முதலை வாய்க்குள்ளிருந்து வந்த குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் சரக்கு லாரியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனபோது சிக்னலுக்குச் சிக்னல் கேட்ட குறட்டை அது. இப்போது அது நின்றுவிடுமோ என்று அவள் பயப்படுகிறாள் என்பது குவாங்குக்கு எப்படியோ புரிந்தது. சீண்டிப் பேச ஒன்றும் தோன்றவில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கொட்டகைக் கதவு கிரீச்சிட்டது.

மஞ்சள் சட்டை.

கையில் டேப்லெட், அக்குளில் ஒரு சின்னப் பெட்டி. முப்பது வயதிருக்கும். முகத்தில் விற்பனைச் சிரிப்பு. சுற்றி நின்ற காகிதத் தலைகளைப் பார்த்ததும் சிரிப்பு லேசாக ஆடியது.

"ஹலோ? நான் டெல்மர், பெல்ஃபோர் பிரதர்ஸ். யாராவது இருக்கீங்களா? உங்களுக்கு பீட்ரூட் தேவைப்படுதுன்னு எங்களுக்குத் தெரியும்!"

"தெரியுமா?" என்று கேட்டது முதலை. தூக்கம் கலைந்த ஆல்சீட்தான். ஆனால் டெல்மருக்கு அது தெரியாதே. பெட்டி தரையில் விழுந்தது. பீட்ரூட்டுகள் நாலாபக்கமும் உருண்டு ஓடின.

குவாங் கதவைச் சாத்தினான். வெர்டெல் வெளியே வந்தார்.

"பயப்படாதே கண்ணு. யாரும் கடிக்க மாட்டாங்க. பீட்ரூட் சமாச்சாரம் உனக்கு யாரு சொன்னது?"

"யா... யாரும் சொல்லல மேடம். இதுதான்." டேப்லெட்டை நீட்டினான். "எங்க மிஸ்டர் கிரேடி."

"யாரு மிஸ்டர் கிரேடி?"

"எங்க ஏ.ஐ. ஆபீஸ்ல அதுக்கு அப்படிப் பேரு. எந்தக் கடைக்கு எது தேவைன்னு முன்னாடியே சொல்லிடும். நாங்க போய் நிக்கிறோம். நல்லாத்தான் சொல்லிட்டிருந்துது." சோகமாகச் சேர்த்துக்கொண்டான்: "கொஞ்ச நாளாத்தான் வெண்டைக்காய் பைத்தியம் பிடிச்சிருக்கு. ஒரு சிஸ்டர் என் மேல தீர்த்தம் தெளிச்சு அனுப்பிட்டாங்க."

ரெனே பெலிக்கனுக்குப் பின்னாலிருந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் டெல்மருக்கு நின்ற இடத்திலேயே வியர்த்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். பச்சை எழுத்து, ஓரத்தில் சின்னக் கோதுமைக் கதிர், 'காலை வணக்கம், இன்று என்ன விற்கலாம்?' என்ற வரி. தன் டேப்லெட்டை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தாள். அதே கோதுமைக் கதிர், அதே வணக்கம்.

"ரெட்டைப் பிள்ளைங்க," என்றான் குவாங்.

"இருங்க, பாக்கலாம்," என்றார் வெர்டெல். "ரெனே, ரதக் கொட்டகை மனசு மாறிடுச்சுன்னு எழுது. பீட்ரூட் வேண்டாம். வாத்து முட்டை வேணும்."

ரெனே தட்டினாள். எல்லாரும் டெல்மர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காகித முதலையும் பார்ப்பதுபோல்தான் இருந்தது.

டிங்.

*புதிய வாய்ப்பு! ரதக் கொட்டகை: வாத்து முட்டை.*

"உன் அத்தை," என்றார் வெர்டெல் மெல்ல, "ரெண்டு வீட்டுலயும் சாப்பிடுறா. இங்க கேட்டதை அங்க போய்ச் சொல்றா. சாவி எதுவும் தேவைப்படல. உளவாளியும் கிடையாது. உங்க ரெண்டு கம்பெனிக்கும் ஒரே மெஷினை வேற வேற பேருல எவனோ வாடகைக்கு விட்டிருக்கான், அவ்வளவுதான்."

ரெனே இரண்டு டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். குவாங் அவளுக்குப் பதிலாகக் குதித்தான்.

"அப்ப ஜெயிச்சாச்சு! பெல்ஃபோர் எடுத்ததெல்லாம் இவங்களோடது!"

"ஒரு நிமிஷம்." வெர்டெல் டெல்மரைப் பார்த்தார். "தம்பி, உங்க கம்பெனி ஏதாவது கடையை இழந்துதா?"

"ஏதாவதா?" டெல்மரின் குரல் உயர்ந்தது. "லிசெட் உணவகம் போச்சு! சிப்பி விக்கிற பழைய கடை போச்சு! கல்லூரி கேன்டீன் போச்சு! எல்லாம் மார்சோ எடுத்துக்கிட்டாங்க. நாங்க போறதுக்கு முந்தின நாளே அவங்க போய் நின்னா நாங்க என்ன பண்ண?"

ரெனே தன் டேப்லெட்டைத் தாழ்த்தினாள்.

லிசெட் உணவகம். ரெனேக்கு அந்தப் பெயர் நன்றாகவே தெரியும். அந்தக் கடையைப் பிடித்த அன்று கிடங்கில் கேக் வெட்டினாள். கேக் மேல் 'நன்றி க்ளோட்டில்ட் அத்தை' என்று சர்க்கரையில் எழுதச் சொன்னதும் அவள்தான்.

"அவங்க கடையை நாம எடுத்திருக்கோம்," என்றாள் மெதுவாக. "நம்ம கடையை அவங்க எடுத்திருக்காங்க. ரெண்டு பேரும் விலையைக் குறைச்சுக் குறைச்சு..."

"லாபம் பாத்தது வாடகை வாங்கினவன் மட்டும்," என்று முடித்தார் வெர்டெல்.

டெல்மர் குனிந்து பீட்ரூட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். பொறுக்கிக்கொண்டே முணுமுணுத்தான்: "இது தெரியாம எங்க முதலாளி பாவம், காஸ்பரைச் சந்தேகப்பட்டுட்டாரு. அவர் கடைங்க மட்டும்தான் போகலியாம். அவருக்கும் இந்த டேப்லெட்டைக் கண்டா ஆகாது, மூடியே திறக்க மாட்டாரு. இன்னைக்கு மத்தியானத்தோட அவரை வீட்டுக்கு..."

முதலை வாயிலிருந்து ஆல்சீட் கீழே குதித்தார். அந்த வயதில் அப்படிக் குதிக்கக் கூடாது. குதித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"காஸ்பரையா? அவன் பெல்ஃபோர் வீட்டுல பாதி நாள் சாப்பிட்டவன்டா! ரெனே! பெல்ஃபோருக்குப் போன் போடு!"

ரெனே தயங்கினாள். அப்பாவின் அடக்கத்தன்று பெல்ஃபோர் வாசலோடு நின்று தொப்பியை எடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை. போன் எண் மட்டும் அப்பாவின் பழைய எண்களோடு சேர்ந்து அவளிடம் வந்திருந்தது.

போட்டாள்.

"மிஸ்டர் பெல்ஃபோர்? நான் ரெனே மார்சோ... ஆமா, ஹென்றி பொண்ணு... இல்ல, லிசெட் விஷயமா இல்ல. அதுக்கு அப்புறம் திட்டுங்க, நானே வந்து வாங்கிக்கிறேன். முதல்ல காஸ்பரை அனுப்பிடாதீங்க. அவர் மேல தப்பில்ல... எனக்கு எப்படித் தெரியுமா? நானும் இன்னைக்கு மத்தியானம் ஒருத்தரை அனுப்பப் பாத்தேன். அதே காரணத்துக்கு." அவள் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டாள். "உங்க மிஸ்டர் கிரேடியும் எங்க அத்தையும் ஒரே ஆளு. உங்க ஆளு டெல்மர் இங்கதான் இருக்கான், அவனே சொல்வான். திங்கக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே அந்த வாடகைக்காரனைக் கூப்பிடுவோம். ஒருத்தர் சமாச்சாரம் இன்னொருத்தருக்குப் போகாம மெஷினுக்குள்ள நடுவுல சுவர் வைக்கிறானா, இல்ல மெஷினைக் கழட்டட்டுமான்னு கேப்போம். சரியா?"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ பேசினார். ரெனே போனை வைத்தாள்.

"என்ன சொன்னாரு?" என்றான் குவாங்.

"காஸ்பர் சாவியை மேஜை மேல வச்சுட்டாராம். பெல்ஃபோரே எடுத்துத் திருப்பிக் குடுக்கப் போறாரு." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம், திங்கக்கிழமை வந்தா சாப்பிட்டுட்டுத்தான் போகணுமாம். சிவப்பு பீன்ஸும் சோறும்."

ஆல்சீட் அவளைப் பார்க்காமல் முதலையின் பல்லைத் தடவிக்கொண்டு நின்றார். ரெனே அவர் எதிரே போய் நின்றாள்.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"ஒண்ணும் சொல்லாதே. ஞானஸ்நானத்தப்ப நீ என் புதுச் சட்டையில மூத்திரம் போனே. அதையே நான் மன்னிச்சவன்."

ரெனே சிரித்துக்கொண்டே அழுதாள். வெர்டெல் தன் கைப்பையைத் திறந்து, அவளுடைய அறைச் சாவிகள் இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். அவள் ஒன்றைப் பிரித்து ஆல்சீட்டின் சட்டைப் பையில் போட்டாள். வெர்டெல் கைப்பையை மூடவில்லை. அதிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியையும் எடுத்து நீட்டினார்.

"என்னோடதுதான். இன்னைக்கு ஒரு நாள் போட்டுக்குங்க. விதவை யாரும் இங்க இல்ல."

ஆல்சீட் கொட்டகை முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெனேயின் கையிலிருந்த டேப்லெட்டை வாங்கினார். அத்தை ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தாள்: எர்லின் கடைக்கு அடுத்தது என்ன தேவைப்படும்?

"அட," என்றார். "வெண்டைக்காய்தான். காம்பு கூடத் தெரியுது."

"இப்பவாவது சரியாப் போடுங்க," என்றாள் ரெனே கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சர்க்கரை மூணாவது வரிசையில இருக்கு."

ஆல்சீட் சர்க்கரையைப் பார்த்தார். கன்டென்ஸ்டு மில்க்கைப் பார்த்தார். கோப்பையையும் பார்த்தார். கதவருகே பீட்ரூட் பெட்டியை அணைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்ற டெல்மரைப் பார்த்தார்.

"சுவர் திங்கக்கிழமைதானே வருது?"

விரலை மெதுவாக, மரியாதையாக, இடது பக்க மேல் மூலைக்குக் கொண்டுபோய் அழுத்தினார்.

கதவருகே டிங் என்றது.